0.016: கார் சாவியை எடுத்திருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது

சிட்னியின் மேற்குப் பகுதியில் மேஸ் ஹில் முருகன் கோயிலுக்கு கிரேட் வெஸ்டர்ன் நெடுஞ்சாலை வழியாகத்தான் போக வேண்டும். 2019 நவம்பர் 10, ஞாயிற்றுக்கிழமை காலை எட்டேகால் மணிக்கு அந்தச் சாலையோரம் பைக்கை நிறுத்திவிட்டு, குளித்து முழுகி நெற்றியில் திருநீறோடு, போலீஸ்காரர் நீட்டிய பிளாஸ்டிக் குழாயை ஊதிக்கொண்டிருந்தேன். காட்டுத்தீப் புகை நகரத்தின் மேல் படிந்திருந்த வாரம் அது. ஊதிக்கொண்டிருந்தபோதுகூட எனக்குக் கவலை எதுவும் இல்லை. குடித்தது முந்தைய இரவில். தூங்கி எழுந்தாயிற்று. அதோடு பதினோரு வருடமாக முழு கார் லைசென்ஸ் வைத்திருப்பவன், எனக்கு ரத்தத்தில் மது அளவு 0.05 வரை அனுமதி உண்டு என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த நினைப்பில் இருந்த ஓட்டைதான் எனக்கு மூன்று மாத லைசென்ஸையும் ஏழாயிரம் டாலருக்கு மேலும் தின்றது.

முதலில் பைக் வந்த கதை. நான் வளர்ந்தது திருவொற்றியூரில். என்ஃபீல்டு தொழிற்சாலையில் ஷிப்ட் முடிந்து வெளியே வரும் கூட்டத்தைப் பார்த்து வளர்ந்தவன். முப்பத்தெட்டு வயதில், பிள்ளைகள் ஓரளவு வளர்ந்த பிறகு, சென்னையில் செய்த கிளாசிக் 500 ஒன்றைச் சிட்னியில் வாங்கினேன். ஊரில் எடுத்த பைக் லைசென்ஸ் எப்போதோ காலாவதியாகிவிட்டது. அதனால் இங்கே பதினேழு வயதுப் பையன்களோடு வரிசையில் நின்று ஆரம்பத்திலிருந்து எல்லாம் செய்ய வேண்டியிருந்தது. இரண்டு நாள் பயிற்சி வகுப்பு, பழகுநருக்கான மஞ்சள் எல் பலகை, அப்புறம் இன்னொரு வகுப்பு, தேர்வு, பிறகு தற்காலிக லைசென்ஸுக்கான சிவப்பு பி அட்டை. புதியவர்களுக்கென்று அனுமதித்த பட்டியலில் உள்ள வண்டியைத்தான் ஓட்டலாம், பின்னால் ஆள் ஏற்றக் கூடாது, 90 கிலோமீட்டருக்கு மேல் போகக் கூடாது. இவை எல்லாம் எனக்கு மனப்பாடம். ஏனென்றால் ஒவ்வொன்றும் ஓட்டும்போது கண்ணுக்குத் தெரிகிறது. மது அளவு அப்படித் தெரிவதில்லை. வகுப்பில் அதையும் சொன்னார்கள், கையேட்டிலும் இருந்தது. அது பதினேழு வயதுப் பையன்களுக்கான பக்கம் என்று நினைத்துத் திருப்பிவிட்டேன். வயதில் மூத்தவன் என்ற திமிர், வேறென்ன சொல்வது.

நியூ சவுத் வேல்ஸ் சட்டம் கேட்பது இதுதான்: இப்போது ஓட்டிக்கொண்டிருக்கும் இந்த வகை வண்டிக்கு உன்னிடம் என்ன லைசென்ஸ் இருக்கிறது? முழு லைசென்ஸ் என்றால் 0.05க்குக் கீழே இருக்க வேண்டும். அதாவது நூறு மில்லி லிட்டர் ரத்தத்தில் 50 மில்லி கிராமுக்குக் குறைவு. எல், பி என்றால் பூஜ்ஜியம். நான் காரில் ஏறினால் பதினோரு வருட அனுபவசாலி, பைக்கில் ஏறினால் புதியவன். ஒரே வீடு, ஒரே ஆணியில் தொங்கும் இரண்டு சாவிகள். எந்தச் சாவியை எடுக்கிறேன் என்பதை வைத்து என் சட்ட அளவு மாறுகிறது. ஊர் நினைவில் இருப்பவர்களுக்கு இது விசித்திரமாகப் படும். இந்தியாவில் நூறு மில்லி லிட்டருக்கு 30 மில்லி கிராம் என்ற ஒரே அளவுதான், காரானாலும் பைக்கானாலும்.

முந்தைய இரவுக்கு வருகிறேன். தீபாவளி முடிந்து இரண்டு வாரம் ஆகியிருந்தது. எல்லோருக்கும் ஒத்துவந்த சனிக்கிழமை அதுதான் என்று பெண்டில் ஹில்லில் ஓர் அண்ணன் வீட்டில் கூடினோம். நான் கவனமாகத்தான் இருந்தேன் என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். போகும்போதும் வரும்போதும் கார் ஓட்டியது என் மனைவி. அவள் குடிப்பதில்லை. எட்டரை மணிக்கு ஒரு பீர் டின்னில் தொடங்கினேன். பிறகு விஸ்கி, நாலு பெக். யார் கேட்டிருந்தாலும் 'நாலே நாலு பெக்' என்று மார்தட்டிச் சொல்லியிருப்பேன். ஒன்றரை மணிக்குப் படுத்தேன். ஏழு மணிக்கு எழுந்தபோது தலைவலி இல்லை, தள்ளாட்டம் இல்லை. வெயில் நன்றாக இருந்தது. காரை விட்டுவிட்டு பைக் சாவியை எடுத்தேன்.

சோதனையிடத்தில் முதலில் கருவியைப் பார்த்து ஒன்றிலிருந்து பத்துவரை எண்ணச் சொன்னார்கள். எண்ணினேன். அந்த இளம் அதிகாரி கருவியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், நடந்துபோய் வண்டியின் பின்னால் இருந்த சிவப்பு பி அட்டையைப் பார்த்தார். பிறகுதான் குழாய் வந்தது. அதற்குப் பிறகு அவர் சொன்ன வாக்கியத்தில் 'கைது' என்ற சொல் இருந்தது. மூச்சைத் துல்லியமாக அளக்க ஸ்டேஷனுக்கு அழைத்துப் போவதற்கான சட்டச் சம்பிரதாயம்தான் அது என்று பின்னால் தெரிந்தது. அந்த நிமிடத்தில் அது தெரியவில்லை. என் ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு போலீஸ் காரின் பின் இருக்கையில் உட்கார்ந்திருந்தேன். சிக்னலில் பக்கத்துக் காரில், கோயிலில் அடிக்கடி பார்க்கும் ஒரு குடும்பம். அந்த அம்மாள் என்னை அடையாளம் கண்டுகொண்டு கையசைத்தார், பிறகு பாதியில் கையை இறக்கிக்கொண்டார்.

ஸ்டேஷன் கருவி அச்சடித்துத் தந்த சீட்டில் 0.016 என்றிருந்தது. அதைப் பார்த்ததும் எனக்கு நிம்மதி வந்தது! 0.05இல் மூன்றில் ஒரு பங்குகூட இல்லையே, விட்டுவிடுவார்கள் என்று எழுந்தே நின்றுவிட்டேன். அதிகாரி பொறுமையாக விளக்கினார். காரில் வந்திருந்தால் இந்த எண்ணுக்கு நன்றி சொல்லி அனுப்பியிருப்போம், நீங்கள் வந்தது பைக்கில் என்றார். சட்டத்தில் இதற்குப் புதியவர் வரம்பு என்று தனிப் பெயரே இருக்கிறது. பூஜ்ஜியத்துக்கு மேல், 0.02க்குக் கீழ். 2019 மே 20 முதல் இந்த மாநிலத்தில் முதல் முறை பிடிபடுபவர்களுக்குக் குறைந்த அளவுகளுக்கும் உடனடித் தண்டனை வந்துவிட்டது. நீதிமன்றம் வரை போகாமலேயே அபராதச் சீட்டு, அப்போது 561 டாலர், அந்த இடத்திலேயே மூன்று மாத லைசென்ஸ் நிறுத்தம். நான் மாட்டியது அந்த மாற்றம் வந்து ஆறு மாதம்கூட ஆகாத நேரத்தில்.

எனக்கு உண்மையில் இடி விழுந்தது அதற்கு அடுத்த கேள்வியில்தான். "அப்படியானால் மூன்று மாதம் பைக் ஓட்டக் கூடாது, அவ்வளவுதானே?" என்று கேட்டேன். இல்லை. லைசென்ஸ் அட்டை ஒன்றுதான், அதில் காரும் பைக்கும் சேர்ந்தே இருக்கின்றன. நிறுத்தப்படுவது அந்த அட்டை. மது அளவைப் பார்க்கும்போது வண்டிக்கு வண்டி வேறு, தண்டனை என்று வரும்போது எல்லாம் ஒன்று. இதை யாராவது எனக்கு முன்பே இப்படி ஒரே வரியில் சொல்லியிருந்தால் அந்த வகுப்பில் நான் தூங்கியிருக்க மாட்டேன். பைக் எனக்குப் பொழுதுபோக்கு. கார் லைசென்ஸ் எனக்குச் சோறு.

நான் உணவகச் சமையலறைகளின் குளிர்பதன அறைகளைப் பழுதுபார்ப்பவன். கம்பெனி வேனில் கருவிகளோடு இரவும் பகலும் ஓடினால்தான் வேலை. திங்கட்கிழமை காலை முதலாளியிடம் நேரில் போய்ச் சொன்னேன். ஒளிக்க நினைக்கவில்லை, ஒளிக்கவும் முடியாது. லைசென்ஸ் நிறுத்தப்பட்ட காலத்தில் வேனை எடுத்து ஓட்டிப் பிடிபட்டால் சிறை வரை போகக்கூடிய குற்றம் அது. கம்பெனியின் காப்பீடும் என் பின்னால் நிற்காது. 'ஒரு நாள்தானே, பக்கத்தில்தானே' என்று சொல்லிக்கொண்டு ஓட்டுபவர்கள் இருக்கிறார்கள். நானும் ஓர் இரவு நினைத்தேன். தயவுசெய்து வேண்டாம். மூன்று மாதம் எப்படியும் ஓடிவிடும், அதன் மேல் வரும் வழக்கு அப்படி ஓடிவிடாது. முதலாளி என்னை வேலையை விட்டு அனுப்பவில்லை, பணிமனையில் பழைய கம்ப்ரசர்களைக் கழற்றும் வேலையில் போட்டார். அடிப்படைச் சம்பளம் வந்தது. இரவு அழைப்புக்கான படியும் ஓவர்டைமும் போயின. நவம்பர் முதல் பிப்ரவரி வரை இங்கே கோடை, எங்கள் தொழிலில் காசு பார்க்கும் காலமே அதுதான்.

வழக்கறிஞர் ஒருவரைப் பார்த்தேன். அரை மணி நேரத்துக்கு 220 டாலர். அவர் சொன்னதன் சாரம் இது. 28 நாட்களுக்குள் அபராதத்தை ஏற்காமல் நீதிமன்றத்துக்குப் போகலாம். ஆனால் போய்த் தோற்றால் அபராதம் 2,200 டாலர் வரை உயரலாம், லைசென்ஸ் தகுதிநீக்கம் ஆறு மாதம் என்பதுதான் இயல்பான அளவு, நீதிபதி குறைத்தாலும் மூன்று மாதம், அதோடு பெயரில் குற்றத் தீர்ப்பும் பதிவாகும். அபராதச் சீட்டைக் கட்டிவிட்டால் தீர்ப்பு எதுவும் பதிவாகாது. அடுத்த ஐந்து வருடத்துக்குள் மறுபடி மாட்டினால் மட்டும் சீட்டெல்லாம் கிடையாது, நேராக நீதிமன்றம்தான். அளவைப் பற்றித் தகராறு இல்லாதபோது கட்டிவிட்டுப் போவதே புத்திசாலித்தனம் என்றார். கட்டினேன். கோபத்தில் இருக்கும்போது நீதிமன்றம் போகும் ஆசை வரும், அந்த ஆசைக்கு 220 டாலர் செலவழித்து ஒருவரிடம் கேட்டுவிடுவது நல்லது. அவரிடம் இன்னொன்றும் தெரிந்துகொண்டேன். இருமல் மருந்து, பூசை பிரசாதம், மதுவுக்காக அல்லாமல் சாப்பிட்ட வேறு எதுவோ காரணமாக இந்தச் சிறு அளவு வந்தது என்றால் அதைத் தற்காப்பாகச் சொல்லச் சட்டத்தில் இடம் இருக்கிறது. ஆனால் நிரூபிக்க வேண்டியவர் நீங்கள்தான். நம் வீடுகளில் தசமூலாரிஷ்டம் போன்றவை இருக்கும். அரிஷ்டங்களில் நொதித்துத் தானாக உண்டான ஆல்கஹால் இருக்கிறது என்பதை மறந்துவிடுகிறோம். பி அட்டையோடு பைக் எடுப்பவர் அதை இரவு குடித்துக்கொள்ளட்டும்.

வீட்டில் உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன், வேறு வேலை இல்லை. உடம்பு மணிக்குச் சுமார் 0.015 வீதம்தான் மதுவை எரிக்கும். காபி, குளியல், தோசை எதுவும் அதை வேகப்படுத்தாது. எட்டேகாலுக்கு 0.016 என்றால், ஆறே முக்கால் மணி நேரம் பின்னோக்கி எண்ணினால் ஒன்றரை மணிக்குப் படுக்கும்போது 0.11, 0.12 இருந்திருக்க வேண்டும். நாலு பெக்குக்கு அவ்வளவா? பிறகுதான் விஷயம் புரிந்தது. இந்த நாட்டில் ஒரு ஸ்டாண்டர்ட் டிரிங்க் என்பது பத்து கிராம் ஆல்கஹால், விஸ்கியில் 30 மில்லி. நம் வீட்டு விருந்துகளில் ஊற்றப்படும் பெக் அதில் இரண்டு மடங்கு. பீர் டின் ஒன்று ஏறத்தாழ 1.4. ஆக நான் குடித்தது 'நாலு' அல்ல, ஒன்பதைத் தாண்டியது. இன்னொரு கணக்கும் வந்தது, அதுதான் வயிற்றெரிச்சல். 0.016 கரைய ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல் போதும். கோயிலுக்குப் போகுமுன் வீட்டில் நிதானமாகப் பேப்பர் படித்து, இட்லி சாப்பிட்டு, பத்து மணிக்குக் கிளம்பியிருந்தால் இந்தக் கட்டுரையே இல்லை. ஆனாலும் இந்த 0.015 கணக்கை வைத்துக்கொண்டு யாரும் விளிம்பில் நடக்க வேண்டாம். ஆளுக்கு ஆள் மாறும். பூஜ்ஜியம் வேண்டும் என்றால், இரவு நன்றாகக் குடித்த மறுநாள் பைக்கை மத்தியானம் வரை தொடாமல் இருப்பதே என் வழக்கமாகிவிட்டது. வீட்டில் ஊதிப் பார்க்கும் மலிவான கருவி ஒன்றும் வாங்கினேன். அது ஒரு நாள் ஒன்று சொல்லும், மறுநாள் வேறொன்று சொல்லும். பூஜ்ஜியத்துக்கும் 0.016க்கும் உள்ள வித்தியாசத்தில் அதை நம்ப முடியாது. இப்போது அதை வைத்துப் பிள்ளைகள் விளையாடுகிறார்கள்.

மூன்று மாதம் எப்படிப் போனது என்று விரித்துச் சொல்ல விருப்பமில்லை. டூங்காபி ஸ்டேஷனில் காலை ஐந்தரை மணி ரயில். அங்கிருந்து இறங்கிப் பணிமனைக்கு நாற்பது நிமிட நடை, ஏனென்றால் அந்தத் தொழிற்பேட்டைக்கு அந்த நேரத்தில் பஸ் கிடையாது. மனைவி மருத்துவமனையில் இரவு ஷிப்ட் முடித்து வந்து, தூங்காமல் பிள்ளைகளைச் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்குக் கொண்டுபோய் விட்டாள். ஒரு வார்த்தை கடிந்து சொல்லவில்லை. ஒரே ஒரு நாள், காரை வெளியே எடுக்கும்போது கண்ணாடியை இறக்கி, "என்னங்க, அன்றைக்கு இதையே எடுத்திருக்கலாமே" என்றாள். அதற்கு மேல் எதுவும் இல்லை. திட்டியிருந்தால் தேவலாம் போலிருந்தது. பிப்ரவரியில் நிறுத்தக் காலம் முடியும் கடைசி மூன்று நாளும் சிட்னியில் வருடக்கணக்கில் காணாத மழை. அன்றும் நடந்துதான் போனேன்.

செலவையும் சொல்லிவிடுகிறேன். அபராதம் 561. அன்றைக்குச் சாலையோரம் நின்ற பைக்கை வீட்டுக்கு ஏற்றி வந்த லாரிக்கு 165, ஏனென்றால் என் நண்பர்களில் யாருக்கும் பைக் லைசென்ஸ் இல்லை. வழக்கறிஞருக்கு 220. ரயில், டாக்ஸி சேர்த்து 900. விட்டுப்போன ஓவர்டைமும் படியும் 5,200. அடுத்த முறை கார் காப்பீட்டைப் புதுப்பிக்கும்போது 'லைசென்ஸ் எப்போதாவது நிறுத்தப்பட்டதா' என்ற கேள்விக்கு ஆம் என்று எழுதியதால் 310 அதிகம். பொய் எழுதலாம் என்று ஒருவர் யோசனை சொன்னார். விபத்து என்று வந்தால் அந்தப் பொய்யைக் காட்டியே கைவிரித்துவிடுவார்கள். மொத்தம் 7,356 டாலர். பைக்கைக் கொடுத்திருந்தால் அதில் பெரும்பகுதி வந்திருக்கும். கொடுக்க மனம் வரவில்லை.

இதே குழப்பத்தில் இருப்பவர்கள் நான் மட்டுமல்ல என்பது பேச ஆரம்பித்த பிறகு தெரிந்தது. பகலில் வேறு வேலை, மாலையில் டாக்ஸி ஓட்டும் ஒரு தம்பிக்கு, டாக்ஸியில் அவருடைய வரம்பு 0.02 என்பது தெரியும். அதே தம்பி பைக் எல் எடுத்திருந்தார். ஆக அவருக்குச் சொந்தக் காரில் 0.05, டாக்ஸியில் 0.02, பைக்கில் பூஜ்ஜியம். மூன்றாவது மட்டும் தெரியாது. பஸ் ஓட்டுபவர்களுக்கும் 13.9 டன்னுக்கு மேற்பட்ட லாரி ஓட்டுபவர்களுக்கும் அந்த 0.02தான். மெல்போர்னில் இருக்கும் என் மைத்துனரிடம் கேட்டேன். விக்டோரியாவில் இன்னும் நீளம், பைக் லைசென்ஸ் கிடைத்த பிறகு முதல் மூன்று வருடம் பைக்கில் பூஜ்ஜியம், கார் லைசென்ஸ் எவ்வளவு பழையதானாலும். மாநிலத்துக்கு மாநிலம் கால அளவு மாறுகிறது. பைக் வாங்கும் அன்றே அந்தந்த மாநிலப் போக்குவரத்துத் துறையின் கையேட்டில் அந்த ஒரு பக்கத்தைப் படித்துவிடுங்கள். நண்பர்களிடம் கேட்காதீர்கள். பிடிபடுவதற்கு முந்தைய நாள் யாராவது என்னிடம் கேட்டிருந்தால், நானே அடித்துச் சொல்லியிருப்பேன், 0.05 என்று.

போன தீபாவளிக்கு அதே அண்ணன் வீட்டில் கூடினோம். நான் சட்டைப் பையில் முப்பது மில்லி எவர்சில்வர் அளவுக் குவளை ஒன்றை வைத்திருந்தேன். எல்லோரும் சிரித்தார்கள். அண்ணனை வழக்கம்போல் ஒரு பெக் ஊற்றச் சொல்லி, அதைக் குவளையால் அளந்து வேறொரு தம்ளரில் விட்டேன். இரண்டு முறை நிரம்பி, மூன்றாவது முறை கால்வாசி வந்தது. அண்ணன் குவளையை வாங்கி விளக்கு வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதுவா தம்பி ஒரு பெக்? என் பேரனுக்கு இருமல் மருந்து இதைவிடப் பெரிய மூடியில் தருகிறோம்" என்றார்.